பருப்பு வேகாத தண்ணியில் பாடம் தொடங்கலாம்: வேலூர்ப் பள்ளிகளுக்கு ஒரு சேவைவழிக் கற்றல் செய்முறை

வேலூர்ப் பக்கம் பல வீடுகளில் தண்ணீருக்கு இரண்டு பெயர்: உப்புத் தண்ணி, நல்ல தண்ணி. போர் தண்ணியில் துவரம்பருப்பு லேசில் வேகாது. தலைக்கு ஊற்றினால் முடி சிக்குப் பிடிக்கும், பாத்திரத்தில் வெள்ளைத் திட்டு விழும். அதே வீட்டுப் பிள்ளை, ‘கடின நீர் என்றால் என்ன?’ என்ற கேள்விக்கு ‘கால்சியம், மெக்னீசியம் உப்புகள் கரைந்த நீர்’ என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கிவிடும். அடுப்பில் வேகாமல் கிடப்பதும் விடைத்தாளில் எழுதியதும் ஒன்றுதான் என்பது மட்டும் அதற்குத் தெரியாது.

சேவைவழிக் கற்றல் இந்த இடைவெளியில்தான் வேலை செய்கிறது. ஊருக்கு உண்மையிலேயே தேவைப்படும் ஒரு காரியத்தைப் பாடத்தைக் கொண்டே செய்து முடிப்பது என்று அதைச் சொல்லலாம். மரக்கன்று நட்டு போட்டோ எடுத்துக்கொண்டால் அது சேவை, அதில் பாடம் இல்லை. ஆய்வகத்தில் டைட்ரேஷன் (கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளவறியும் சோதனை) செய்து நோட்டில் கையெழுத்து வாங்கினால் அது பாடம், அதனால் ஊரில் யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. கேள்வி வீட்டிலிருந்து வர வேண்டும், விடை அதே வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும். நடுவில் இருப்பது அறிவியல்.

இங்கே சொல்லப்போவது 8 முதல் 10ஆம் வகுப்பு வரை செய்யக்கூடிய ஒரு தண்ணீர்த் திட்டம். 30 மாணவர்கள், 5 பேராக 6 குழு, குழுவுக்கு 4 நீர் ஆதாரம், ஆக 24 மாதிரிகள். வாரத்துக்கு 2 பிரிவேளை என்று 8 வாரம் பிடிக்கும்.

முதலில் நாள் குறியுங்கள்

காலாண்டுத் தேர்வு முடிந்ததும் தொடங்குவது நல்லது. நவம்பர் கடைசிக்குள் அளவீடு முடிந்துவிட வேண்டும். அதைத் தாண்டினால் அரையாண்டுத் தேர்வும் விடுமுறையும் பொங்கலும் சேர்ந்து திட்டத்தை விழுங்கிவிடும். முடிவைச் சொல்லும் நாள் ஜனவரி 26 கிராம சபை. தேதி முன்கூட்டியே தெரிந்திருப்பதால் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்ற பேச்சுக்கு இடமில்லை.

ஒரு சிக்கல் உண்டு. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். ஒரு குழு மழைக்கு முன்பும் இன்னொரு குழு மழைக்குப் பின்பும் தண்ணீர் எடுத்தால் இரண்டையும் ஒப்பிட முடியாது. அதனால் 24 மாதிரிகளையும் ஒரே வாரத்துக்குள் எடுத்து முடியுங்கள்.

படி 1: கேள்வியை வீட்டிலிருந்து வாங்குங்கள்

ஒவ்வொரு மாணவரும் 3 வீடுகளில் கேட்டு வரட்டும். கேள்விகள் நான்கு போதும்: குடிக்க எந்தத் தண்ணி? சமைக்க எந்தத் தண்ணி? துவைக்கவும் குளிக்கவும் எது? அந்தத் தண்ணியில் என்ன தொல்லை? போர், கைப்பம்பு, கிணறு, மேல்நிலைத் தொட்டி, காவிரிக் கூட்டுக் குடிநீர், கேன் தண்ணி என்று எல்லாமே வரும். ‘உங்கள் தண்ணீரின் தரம் எப்படி?’ என்று கேட்க வேண்டாம். ‘நல்லாத்தான் இருக்கு’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ‘பருப்புக்கு எந்தத் தண்ணி ஊத்துவீங்க அத்தை?’ என்று கேட்டால் பத்து நிமிடம் பேசுவார்கள்.

பதில்களைக் கரும்பலகையில் கொட்டி, வகுப்பே ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுக்கட்டும். கடினத்தன்மைதான் மேலே வரும் என்று எதிர்பார்க்கலாம். வேறு ஏதாவது வந்தால், தொட்டி கழுவுவதே இல்லை என்பதுபோல, அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டு மாணவர்கள் தேர்ந்தெடுத்ததுபோல் காட்டினால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

படி 2: தண்ணீர் எடுப்பது

ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் போதும். எடுக்கப்போகும் அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, காற்று நிற்காமல் கழுத்துவரை நிரப்புங்கள். போர் என்றால் மோட்டாரை 5 நிமிடம் ஓடவிட்டு எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் குழாயில் தேங்கிக் கிடந்த தண்ணீரைத்தான் சோதிப்பீர்கள்.

எண்ணை மூடியில் எழுதாதீர்கள், பாட்டில் உடம்பில் எழுதுங்கள். மூடிகள் கட்டாயம் மாறும். ‘இ3’ என்பதுபோல் குழு எழுத்து, ஆதார எண், தேதி, நேரம் போதும். வீட்டுக்காரர் பெயர் வேண்டாம். வெயிலில் வைக்காமல் அன்றைக்கே சோதியுங்கள். சூடானால் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, பைகார்பனேட்டில் ஒரு பங்கு கார்பனேட்டாகப் பாட்டிலின் சுவரில் படியும். அளவு குறைவாகக் காட்டும்.

படி 3: சோப்புக் கரைசல் — பாதித் திட்டம் இங்கேதான் கெடுகிறது

கடின நீரில் சோப்பு உடனே நுரைக்காது. கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, பால் திரிந்தாற்போல் வெள்ளைக் கசடாகிவிடும். அவை தீர்ந்த பிறகுதான் நுரை நிற்கும். எவ்வளவு சோப்பு ஊற்றினால் நுரை நிற்கிறது என்று அளந்தால் கடினத்தன்மை தெரியும். கொள்கை அவ்வளவுதான்.

சோப்பு உண்மையான சோப்பாக இருக்க வேண்டும். துணி பவுடர், ஷாம்பு, பாத்திரம் கழுவும் திரவம் எல்லாம் டிடர்ஜென்ட். அவை கடின நீரிலும் நுரைக்கும். எல்லா மாதிரியும் ஒரே அளவு காட்டும். குளியல் கட்டியிலும் உறையைப் படித்து வாங்குங்கள். ‘பேத்திங் பார்’ என்று போட்டிருந்தால் அதில் டிடர்ஜென்ட் கலந்திருக்கலாம். ‘டாய்லெட் சோப், கிரேடு 1, டிஎஃப்எம் 76%’ என்று போட்டிருப்பதை எடுங்கள் (டிஎஃப்எம் என்பது சோப்பில் உள்ள மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு). 10ஆம் வகுப்பு மாணவர்களுக்கு இந்த உறையே ஒரு பாடம்.

சோப்பைத் துருவி 5 கிராம் எடுங்கள். 250 மி.லி. வெதுவெதுப்பான வாலை வடிநீரில் (டிஸ்டில்டு வாட்டர்) கரைத்து, ஆறியதும் 250 மி.லி. சர்ஜிக்கல் ஸ்பிரிட் சேருங்கள். ஸ்பிரிட் இல்லாவிட்டால் மறுநாள் கரைசல் கூழாகிவிடும். ஸ்பிரிட் சேர்க்கும்போது பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக்கூடாது. ஒரு இரவு வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள்.

வாலை வடிநீர் கிடைக்காவிட்டால் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் பரவாயில்லை. டிடிஎஸ் மீட்டரில் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் கருவி) 5க்குக் கீழே காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

படி 4: அளவுகோல் வரைபடம்

தெரிந்த கடினத்தன்மை உள்ள தண்ணீரை முதலில் நாமே செய்ய வேண்டும். கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 1.47 கிராமை வாலை வடிநீரில் கரைத்து ஒரு லிட்டராக்கினால், அதன் கடினத்தன்மை லிட்டருக்கு 1000 மி.கி. (கால்சியம் கார்பனேட் கணக்கில்). பள்ளித் தராசு 0.1 கிராம்வரைதான் காட்டும் என்றால், 14.7 கிராமை ஒரு லிட்டரில் கரைத்து, அதில் 100 மி.லி. எடுத்து மறுபடி ஒரு லிட்டராக்குங்கள். பிழை தானாகக் குறையும். ‘உருக்கிய’ கால்சியம் குளோரைடு வேண்டாம். காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சி நிற்கும் அதை எடை போட்டு நம்ப முடியாது.

இந்த மூலக் கரைசலில் 10, 20, 40, 60 மி.லி. எடுத்து ஒவ்வொன்றையும் 100 மி.லி. ஆக்கினால் 100, 200, 400, 600 கிடைக்கும். வெறும் வாலை வடிநீர் 0.

சோதனை இப்படி: மூடியுள்ள சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் 10 மி.லி. தண்ணீர். ஊசியில்லாத 5 மி.லி. சிரிஞ்சில் சோப்புக் கரைசல். 0.2 மி.லி. விட்டு, மூடி, பலமாகப் பத்து முறை குலுக்கி, படுக்க வையுங்கள். நுரை ஒரு நிமிடம் உடையாமல் மேற்பரப்பை மூடி நின்றால் முடிந்தது. இல்லாவிட்டால் இன்னொரு 0.2 மி.லி. சொட்டு எண்ணும் பழக்கம் வேண்டாம். சோப்பும் ஸ்பிரிட்டும் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் சொட்டு சிறுத்துவிடும், டிராப்பருக்கு டிராப்பர் வேறுபடும். 600க்குத் தோராயமாக 4 மி.லி. பிடிக்கலாம். சோப்பைப் பொறுத்து இது மாறும், அதற்காகத்தான் வரைபடம்.

ஒவ்வொரு அளவையும் மூன்று முறை செய்து சராசரியை வரைபடத் தாளில் குறியுங்கள். ஏறக்குறைய நேர்கோடு வரும்.

படி 5: ஊர்த் தண்ணீரைச் சோதிப்பது

அதே முறை, அதே சிரிஞ்ச், அதே ஆள் குலுக்க வேண்டும். மூன்று முறை செய்து சராசரி. இரண்டு பொறிகள் காத்திருக்கின்றன. மெக்னீசியம் உள்ள நீரில் பொய் நுரை வரும். நுரை நின்றாற்போல் இருக்கும், இன்னொரு 0.2 மி.லி. விட்டதும் அழிந்துபோகும். அதனால் முடிந்ததென்று நினைத்த பிறகும் ஒரு முறை கூடுதலாக விட்டுப் பாருங்கள். இரண்டாவது, 600க்கு மேல் போனால் கசடு அதிகமாகி நுரை எது, கசடு எது என்று தெரியாது. 5 மி.லி. மாதிரியோடு 5 மி.லி. வாலை வடிநீர் கலந்து சோதித்து, விடையை இரட்டிப்பாக்குங்கள். வரைபடத்தில் 340 என்று வந்தால் உண்மையான அளவு 680.

இன்னொரு 100 மி.லி. மாதிரியை 15 நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, வடிகட்டி, குறைந்த அளவுக்கு வாலை வடிநீர் ஊற்றி 100 ஆக்கிச் சோதியுங்கள். குறைந்த பங்கு தற்காலிகக் கடினத்தன்மை, மிஞ்சியது நிரந்தரக் கடினத்தன்மை. வீட்டுக்குச் சொல்லப்போகும் யோசனை இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், ஆனால் அதை அப்படியே நம்பக்கூடாது. அது உப்பை எடை போடுவதில்லை. மின்கடத்துதிறனை அளந்து ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. ஒரு கிராம் சமையல் உப்பை ஒரு லிட்டர் வாலை வடிநீரில் கரைத்து மீட்டரை வைத்தால், 0.5ஆல் பெருக்கும் மீட்டர் 1000 அருகே காட்டும், 0.7ஆல் பெருக்கும் மீட்டர் 1400 அருகே காட்டும். இரண்டு குழு இரண்டு மீட்டர் வைத்துச் சண்டை போடும் காரணம் இதுதான். எல்லாருக்கும் ஒரே மீட்டர் கொடுங்கள்.

படி 6: பருப்புச் சோதனை

பிள்ளைகளுக்கு மறக்காத பகுதி இது. மூன்று எவர்சில்வர் டம்ளர், ஒவ்வொன்றிலும் 30 கிராம் துவரம்பருப்பு, 120 மி.லி. தண்ணீர்: ஒன்றில் போர், ஒன்றில் குழாய்த் தண்ணீர், ஒன்றில் வாலை வடிநீர். மூன்றையும் ஒரே குக்கரில் வைத்து ஒரே ஒரு விசில். நாலு விசில் விட்டால் எல்லாமே குழைந்துவிடும், வித்தியாசம் தெரியாது. டம்ளருக்கு 20 பருப்பு எடுத்து விரலால் நசுக்கி, எத்தனை மசிகிறது என்று எண்ணுங்கள். குக்கரைக் கையாள்வது பெரியவர்கள் வேலை. சத்துணவு சமைக்கும் அக்காவிடம் கேளுங்கள், தண்ணீரைப் பற்றி அவர் சொல்வதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

காரணம்: பருப்பின் செல்களை ஒட்டவைத்திருப்பது பெக்டின். வேகும்போது அது கரைந்து விட்டுக்கொடுக்க வேண்டும். தண்ணீரில் உள்ள கால்சியம் பெக்டினோடு பிணைந்து அதை இறுக்கிவிடுகிறது. சிட்டிகை ஆப்ப சோடா போட்டால் வேகிறதே என்று எந்தப் பாட்டியும் சொல்வார். காரத்தன்மை கூடினால் பெக்டின் சீக்கிரம் உடையும், அதனால்தான்.

படி 7: எண்களைப் படிப்பது, எல்லை மீறாமல்

இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 10500 (2012) சொல்லும் குடிநீர் அளவுகள், லிட்டருக்கு: மொத்தக் கடினத்தன்மை 200 மி.கி. ஏற்கத்தக்கது, வேறு ஆதாரமே இல்லாவிட்டால் 600 வரை அனுமதி. கரைந்த மொத்தத் திடப்பொருள் 500, அதேபோல் 2000 வரை. பிஹெச் 6.5 முதல் 8.5.

ஆனால் 180 வந்துவிட்டது என்பதால் ‘குடிக்கலாம்’ என்று மாணவர்கள் எழுதிக் கொடுக்கக்கூடாது. சோப்பும் மீட்டரும் கிருமியைக் காட்டாது, ஃபுளூரைடு, நைட்ரேட், குரோமியம் எதையும் காட்டாது. சந்தேகம் உள்ள மாதிரியைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

உப்பு அதிகம் வந்ததும் ‘தோல் ஷாப்புதான் (தோல் பதனிடும் ஆலை) காரணம்’ என்று யாராவது சொல்வார்கள். வேலூரை உள்ளடக்கிய பழைய வடார்க்காடு மாவட்டத்தில் அந்தப் பேச்சுக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்புப் போட்டுத்தான் வரும், ஊறவைக்கும்போது அந்த உப்பு கழிவுநீரில் இறங்கும். பாலாற்றுப் பகுதியின் தோல் ஆலைக் கழிவை வைத்துத்தான் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று தீர்ப்பளித்தது. ஆனாலும் ஒரு மீட்டர் எண்ணால் மூலத்தைச் சொல்ல முடியாது. பாறையிலிருந்து கரைவதும், அளவுக்கு மீறி உறிஞ்சுவதும், சாக்கடை கசிவதும் அதே எண்ணைத் தரும். இந்த விவாதத்துக்கு ஒரு பிரிவேளை முழுதாக ஒதுக்குங்கள். ஆலைக் கழிவுநீரைத் தொட்டு மாதிரி எடுக்க மாணவர்களை அனுப்பவே கூடாது.

படி 8: திரும்பக் கொடுப்பது

தண்ணீர் எடுத்த வீடு ஒவ்வொன்றுக்கும் அரைப்பக்க அட்டை: ஆதார எண், தேதி, கடினத்தன்மை, டிடிஎஸ், கீழே ஒரே ஒரு யோசனை. தற்காலிகக் கடினத்தன்மை அதிகமா? ‘கொதிக்கவைத்துத் தெளியவிட்ட தண்ணீரில் பருப்பு போடுங்கள்.’ நிரந்தரக் கடினத்தன்மையா? ‘கொதிக்கவைத்துப் பயனில்லை, சமையலுக்குக் குழாய்த் தண்ணீரை ஒதுக்குங்கள், துவைக்க சோப்புக்குப் பதில் டிடர்ஜென்ட் போடுங்கள்.’ அட்டையை மாணவரே கொண்டுபோய்ப் படித்துக்காட்ட வேண்டும். அங்கே வரும் எதிர்க்கேள்விதான் உண்மையான தேர்வு.

கிராம சபைக்கு ஒரு பக்கம் போதும்: ஊர் வரைபடம், அதில் 24 புள்ளிகள், அளவுக்கேற்ற நிறம், ஒரே கோரிக்கை. கிராம சபையின் உறுப்பினர்கள் ஊராட்சியின் வாக்காளர்கள் என்பதால், பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள பெற்றோர் ஒருவர் பெயரில் மனு கொடுப்பது வசதி. ‘தண்ணீர்ப் பிரச்சினையைத் தீர்க்க வேண்டும்’ என்ற மனு ஃபைலில் தூங்கும். ‘இ3, உ1 கைப்பம்புகளின் தண்ணீரை ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவை ஊராட்சிப் பலகையில் ஒட்ட வேண்டும்’ என்றால் அடுத்த கூட்டத்தில் ‘என்ன ஆச்சு?’ என்று கேட்க முடியும். அடுத்த கூட்டம் மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம்.

மதிப்பெண் போடும்போது வரைபடத்துக்கும் கணக்குக்கும் பாதி கொடுங்கள். மீதிப் பாதி நோட்டில் எழுதும் மூன்று பதில்களுக்கு: நான் எதிர்பார்த்தது எது தவறாகப் போனது? எந்த எண்ணை நான் இன்னும் நம்பவில்லை, ஏன்? அட்டையைப் படித்த வீட்டில் என்ன கேட்டார்கள்? மூன்றாவது கேள்விக்கு ‘ஒன்றும் கேட்கவில்லை’ என்று வந்தால் அந்த அட்டையின் மொழி கடினமாக இருந்திருக்கிறது. திருத்தி எழுதி மறுபடி அனுப்புங்கள்.

மே மாதக் கோடையில் இதே 24 இடங்களிலும் மறுபடி எடுத்தால் மழைக்கும் வெயிலுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். சோப்புக் கரைசலைப் புதிதாகச் செய்து, வரைபடத்தையும் புதிதாகப் போட வேண்டும். பழைய கோட்டை வைத்துப் புதுக் கரைசலைப் படிக்கக்கூடாது.