மேட்டில் திணறும் பழைய மோட்டார்ஹோம்: இரட்டை டேங்கைச் சோதிக்கும் முறை

இரண்டு பெட்ரோல் டேங்க் வைத்த பழைய மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டி) மேட்டில் திணறினால் பலரும் கார்புரேட்டரைக் கழற்றத் தொடங்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். சமதரையில் ஒழுங்காக ஓடும் வண்டி என்றால் டேங்கிலிருந்து தொடங்குவதுதான் முறை.

முதலில், எஞ்சின் ஆறியதும் வண்டிக்கு அடியில் படுத்து, ஒவ்வொரு டேங்கிலும் பெட்ரோல் உறிஞ்சும் குழாய் முன்பக்கம் இருக்கிறதா பின்பக்கமா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஏறும்போது பெட்ரோல் பின்னால் ஒதுங்கும். ஒரு மீட்டர் நீள டேங்க், 8 சதவீத ஏற்றம் என்றால் இரு முனைகளுக்கும் இடையே 8 செ.மீ. மட்ட வித்தியாசம். சமதரையில் 4 செ.மீ. ஆழமாக நின்ற பெட்ரோல் முன்முனையில் வறண்டுபோகும். உறிஞ்சுகுழாய் அங்கே இருந்தால் காற்றுதான் வரும். அளவு காட்டும் முள்ளை இயக்கும் மிதவை பின்பக்கம் இருந்தால் முள் அப்போதும் தாராளமாகவே காட்டும்.

அடுத்து, மாற்று வால்வு: எந்த டேங்கின் பெட்ரோல் எஞ்சினுக்குப் போவது என்று மாற்றிவிடுவது இதுதான். அதன்மேல் கையை வைத்துக்கொண்டு டேங்க் மாற்றும் சுவிட்சை ஒருவரைத் தட்டச் சொல்லுங்கள். ‘டக்’ என்று கையில் தெரிய வேண்டும்.

இனி மேட்டுச் சோதனை. நான் தடுமாறிய இடம் இதுதான், நிதானமாகப் படியுங்கள். திணறல் தொடங்கியதும் மற்ற டேங்குக்கு மாற்றுங்கள். சிறிது நேரத்தில் எஞ்சின் தேறினால் முதல் டேங்கில்தான் குறை: பெட்ரோல் ஒதுங்கியிருக்கும், அல்லது அதன் குழாய் அடைத்திருக்கும். தேறவில்லையா? ஓரம்கட்டி நிறுத்திவிட்டு பெட்ரோல் டேங்க் மூடியை மெல்ல, மிக மெல்லத் தளர்த்துங்கள். ‘உஸ்’ சத்தம் கேட்டால் மட்டும் போதாது. காற்று உள்ளே போகிறதா, ஆவி வெளியே வருகிறதா என்று பார்க்க வேண்டும். மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை அருகில் பிடியுங்கள். உள்ளே இழுத்தால் டேங்குக்குள் காற்று போகும் துளை அடைத்திருக்கிறது. வெளியே தள்ளினால் பெட்ரோல் சூடேறியிருக்கிறது. வேப்பர் லாக், அதாவது குழாயில் ஆவி சேர்ந்து பெட்ரோல் ஓட்டம் தடைபடுவது என்று சந்தேகிக்கலாம். எஞ்சின் ஆறியபின் தானாகவே கிளம்பினால் சந்தேகம் வலுக்கும். அருகில் தீப்பொறி கூடாது. தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

வேப்பர் லாக் வரக் காரணம் எளிது. எஞ்சினில் பொருத்திய பம்ப் நீளமான குழாய் வழியே உறிஞ்சுகிறது. உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறையும். மலை உயரத்தில் காற்றழுத்தமும் குறைவு. போதாததற்கு எஞ்சின் சூடு. பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிடுகிறது. என் பரிந்துரை, டேங்குக்கு அருகில், தாழ்வாக ஒரு மின்சார பம்ப். உறிஞ்சுவதைவிடத் தள்ளுவதே அதற்குச் சுலபம். கார்புரேட்டருக்கு ஏற்ற குறைந்த அழுத்தப் பம்பாக வாங்குங்கள். எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும்படி ஆயில் அழுத்தச் சுவிட்ச் இல்லாமல் பொருத்தவே கூடாது. எஞ்சின் பக்கம் பிளாஸ்டிக் ஃபில்டரும் வேண்டாம், உலோகம்தான் நம்பகம்.

பின்சேர்க்கை: சுவிட்சைத் தட்டினால் முள் நகர்கிறது, வண்டி மட்டும் தேறவில்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். பல வண்டிகளில் முள்ளுக்கும் வால்வுக்கும் மின்இணைப்பு தனித்தனி. முள் நகர்ந்தாலும் வால்வு அசையாமல் இருக்கலாம். இன்னொருவருக்கு இரண்டாவது டேங்கில் ஓடும்போது முதல் டேங்க் நிரம்பி வழிந்தது. எஞ்சினிலிருந்து மிச்சப் பெட்ரோல் திரும்பும் குழாய் முதல் டேங்குக்கு மட்டும் போகும் அமைப்பு அது. அப்படிப்பட்ட வண்டியில் முதல் டேங்கைக் கொஞ்சம் காலி செய்த பிறகே இரண்டாவதற்கு மாறுங்கள்.