புற்றுநோய் பிசியோதெரபிக்குத் தனிச் சான்றிதழ்: ஆரம்பத்திலேயே செய்துவிடும் தவறுகள்

டெல்டாவில் பிசியோதெரபி பார்க்கிறவர்களுக்கு ஒரு சொல் பெரிய தலைவலி. கரண்ட். முதுகுவலிக்கு நாங்கள் பேடு ஒட்டி லேசாக மின்சாரம் பாய்ச்சும் ஐஎஃப்டியும் ஊர்ப் பேச்சில் கரண்ட்தான், தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ பஸ் ஏறிப் போய் எடுத்துக்கொள்ளும் ரேடியேஷனும் கரண்ட்தான். சில வருஷம் முன்னால் பாபநாசம் பக்கத்து அம்மா ஒருவர் முதுகுவலி என்று வந்தார். முன்னாடி கரண்ட் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். "ஆமா தம்பி, இருபத்தஞ்சு நாள் வெச்சாங்க" என்றார். எவனோ ஒரு கிளினிக்காரன் நன்றாகக் கறந்திருக்கிறான் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டு மெஷினை இழுத்தேன். பேடு ஒட்டும்போது அவரே சொன்னார்: "அப்ப நெஞ்சுல வெச்சாங்க, நீங்க முதுகுல வெக்கிறீங்களே."

மார்பகப் புற்றுநோய், ஆபரேஷன் முடிந்து நாலு வருஷம். திருப்பி அனுப்பி ஸ்கேன் எடுத்ததில் முதுகெலும்புக்குப் பரவியிருந்தது. கரண்டுக்கு அப்புறம் முதுகெலும்பை இழுத்துவிடும் டிராக்‌ஷன் போடுவதாகத்தான் நான் நினைத்திருந்தேன். அரித்துப்போன எலும்பை இழுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைக்கப் பிடிக்கவில்லை.

இந்த மாதிரி விஷயங்களால்தான் புற்றுநோய் நோயாளிகளைப் பார்க்கும் பிசியோக்களுக்குத் தனியாக ஒரு சிறப்புச் சான்றிதழ் வேண்டும் என்று நாங்கள் சிலர் பேச ஆரம்பித்தோம். பேசப் பேச எங்கெல்லாம் சறுக்குகிறோம் என்று தெரிந்தது. வேறு ஊரில் யாராவது இதே வேலையில் இறங்கினால் உதவும்.

முதல் சறுக்கல், வகுப்பையும் தகுதியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது. இரண்டு நாள் வகுப்பு, மத்தியானம் சாப்பாடு, சாயங்காலம் குரூப் போட்டோ, கையில் ஒரு சான்றிதழ். அதில் ஒன்றும் தப்பில்லை, நானும் நாலைந்து வைத்திருக்கிறேன். ஆனால் அது வந்து உட்கார்ந்ததற்கான அத்தாட்சி, வேலை தெரியும் என்பதற்கான அத்தாட்சி இல்லை. வகுப்பு நடத்துகிறவரே பணமும் வாங்கி, அவரே கேள்வித்தாள் போட்டு, அவரே பாஸ் போட்டால் யாரும் ஃபெயில் ஆகமாட்டார்கள், ஏனென்றால் ஃபெயில் போட்டால் அடுத்த பேட்சுக்கு ஆள் வராது. சொல்லித்தருகிறவர் கையில் தேர்வு இருக்கக்கூடாது. இதை ஆரம்பத்திலேயே பிரிக்கவில்லை என்றால் அப்புறம் பிரிக்கவே முடியாது.

அடுத்தது அவசரம். அமெரிக்காவில் பிசியோதெரபிச் சங்கத்துக்குள் புற்றுநோய்க்கான தனிப் பிரிவு 1983-லேயே வந்துவிட்டது, ஆனால் அதைச் சிறப்புத் துறையாக அங்கீகரித்தது 2016-ல், முதல் தேர்வு நடந்தது 2019-ல். அங்கே ஒரு துறையைச் சேர்ப்பதற்கு முன்னால், அந்த வேலையில் இருப்பவர்கள் தினமும் என்ன பார்க்கிறார்கள், எதற்குத் தனி அறிவு வேண்டியிருக்கிறது என்று விசாரித்து எழுதி, அதிலிருந்துதான் கேள்வித்தாளைக் கட்டுகிறார்கள். நம் ஆட்கள் என்ன செய்தோம் என்றால், முதல் கூட்டத்திலேயே ஒருவர் பாடத்திட்டத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். எல்லாம் வெளிநாட்டுப் புத்தகத்தின் பொருளடக்கம்.

அந்தப் பொருளடக்கத்தில் இல்லாதது எது தெரியுமா? யானைக்கால். கும்பகோணம் வட்டாரம் ஒரு காலத்தில் அதற்குப் பேர்போன இடம். இங்கே மார்பக ஆபரேஷனில் அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்த பெண்ணுக்குக் கை வீங்கினால், அது நிணநீர் வடியாமல் தேங்குவது என்று யாரும் நினைப்பதில்லை, யானைக்கால் கைக்கு ஏறிவிட்டது என்று தெருவே பேசுகிறது, அவரும் முந்தானையால் கையை மூடிக்கொண்டு ஆறு மாதம் வெளியே சொல்லமாட்டார். இரண்டிலும் நிணநீர்தான் தேங்குகிறது, கட்டுப் போடுவதும் தோலைப் பார்த்துக்கொள்வதும்கூடக் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் ஆபரேஷன் ஆகி வருஷக்கணக்கில் நன்றாக இருந்த கை திடீரென்று வீங்கினால், கட்டுத்துணியைத் தேடுவதற்கு முன்னால் அவரைப் புற்றுநோய் மருத்துவரிடம் திருப்பி அனுப்ப வேண்டும், நோய் மறுபடி வந்ததன் அடையாளமாக இருக்கலாம். டெல்டாவில் போடும் தேர்வில் இது முதல் பக்கத்தில் வர வேண்டிய கேள்வி. அதேபோல, இறுக்கமான பல அடுக்குக் கட்டைச் சித்திரை வெயிலில் எத்தனை பேர் கட்டிக்கொண்டு இருப்பார்கள் என்பதும், வெற்றிலையோடு புகையிலையை அடக்கியே பழகிய வாயில் கட்டி வந்து, ரேடியேஷன் முடிந்து வாய் திறக்காமல் போகிறவர்களும். வாயை முழுசாகத் திறக்கும்போது மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவே இடைவெளி 35 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் வாய் இறுகிவிட்டது என்று கணக்கு. அளவுகோல் இல்லாவிட்டால் நோயாளியின் சொந்த விரல் மூன்றும் உள்ளே போகிறதா என்று பார்த்தால் போதும், பயிற்சிக்கு ஐஸ்குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கடிக்கச் சொல்லலாம்.

விதிகளை அப்படியே காப்பி அடிப்பதும் இதே ரகம்தான். அமெரிக்காவில் அந்தத் தேர்வு எழுத வழக்கமான வழி, கடந்த 10 ஆண்டுகளுக்குள் 2,000 மணி நேரம் அந்தத் துறை நோயாளிகளை நேரடியாகப் பார்த்திருப்பது, அதில் 500 மணி கடைசி 3 ஆண்டுகளில். திருத்துறைப்பூண்டியில் சின்ன கிளினிக் வைத்திருக்கும் ஒருவருக்கு வாரத்துக்கு இரண்டு புற்றுநோய் நோயாளி வந்தாலே பெரிசு. ஆளுக்கு முக்கால் மணி என்றால் வருஷத்துக்கு 78 மணி. 2,000-ஐத் தொட இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகும், அதற்குள் அவரே ஓய்வு பெற்றுவிடுவார். சரி, அப்படியானால் மணிக்கணக்கே வேண்டாம் என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் சொன்னார், அது இதைவிட மோசம். ரேடியேஷன், கீமோ நடக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் சில மாதம் கட்டாயப் போஸ்டிங், அதோடு தானே பார்த்த நோயாளிகளைப் பற்றி முழுசாக எழுதிய குறிப்புகள், தவறாகப் போனதையும் சேர்த்து. எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது.

பெயர் வைப்பதிலும் ஜாக்கிரதை. சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021-ல் வந்தது, பிசியோதெரபியும் அதற்குள் இருக்கிறது. பதிவும் அடிப்படைத் தகுதியும் ஆணையமும் மாநில மன்றமும் பார்க்கிற விஷயம். நாலு பேர் சேர்ந்து கொடுக்கிற சான்றிதழுக்கு வாரியம், கவுன்சில் என்றெல்லாம் பேர் வைத்தால், போர்டைப் பார்க்கிற நோயாளி அரசாங்கம் கொடுத்தது என்று நம்பிவிடுவார். அறுவை மருத்துவர்களையும் கீமோ மருத்துவர்களையும் கேட்காமல் செய்வதும் வீண், அவர்கள் சீட்டு எழுதி அனுப்பாவிட்டால் சான்றிதழைச் சுவரில் மாட்டி அழகு பார்க்கலாம்.

ஆயுளுக்கும் செல்லும் என்று கொடுப்பது இன்னொன்று. நான் படித்த காலத்தில் கை வீங்கியவர் கனமான எதையும் தூக்கக்கூடாது என்பது வேதவாக்கு. 2009-ல் அமெரிக்காவில் இப்படிப்பட்ட 141 பெண்களை வைத்து ஒரு ஆய்வு வந்தது, மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாக எடையைக் கூட்டித் தூக்கப் பழகியவர்களுக்கு வீக்கம் அதிகமாகவில்லை. தூக்காதே என்ற பதிலுக்கு மார்க் வாங்கிய ஆள் அந்தச் சான்றிதழோடு முப்பது வருஷம் அதையே சொல்லிக்கொண்டிருந்தால், குடமும் நாற்றுக்கட்டும் தூக்கிப் பிழைக்கிற பெண்ணின் கூலி போகிறது. அங்கேகூடப் பத்து வருஷத்துக்குத்தான் கொடுக்கிறார்கள்.

கடைசியாக, தேர்வை முழுக்கச் சரியான விடையைத் தேர்ந்தெடு வகையிலேயே வைப்பது. ஆங்கிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்குகிறவர் நோயாளியிடம் வாயைத் திறந்தால் ஒன்றும் விளங்காது. எங்கள் வரைவில் செய்முறைத் தேர்வுக்கு ஒரு காட்சி எழுதி வைத்திருக்கிறேன். வலது பக்கம் ஆபரேஷன் ஆன ஒரு பெண் எதிரே உட்கார்ந்திருப்பார், முழங்கைக்கு மேலே இடது கையைவிடச் சுற்றளவு 2 சென்டிமீட்டர் அதிகம், தோலில் சிவப்போ காய்ச்சலோ இல்லை, வீக்கம் மூன்று மாதமாக ஏறவில்லை, மருத்துவரும் பார்த்துவிட்டார். "அடுத்த வாரம் நடவு ஆரம்பிக்கிறாங்க, நான் போகலாமா?" என்று கேட்பார். பத்து நிமிஷத்துக்குள் அவருக்குப் புரிகிற தமிழில் பதில் சொல்ல வேண்டும்: எத்தனை மணி நேரம், எப்போது கையை உயர்த்தி வைப்பது, சேற்றில் கீறல் பட்டால் என்ன செய்வது, என்ன தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு ஓடி வருவது. "போகக்கூடாது" என்று மட்டும் சொல்லி எழுந்தால் ஃபெயில். முன்னாடி கரண்ட் வைத்தீர்களா, எங்கே வைத்தார்கள் என்று கேட்காமல் ஆரம்பித்தாலும் ஃபெயில்.