சாவித் துவாரம் போல ஒரு ஓட்டை

ஒஹாயோவில் மான் வேட்டைக்கு இறங்கிய முதல் வருடம், என்னிடம் இருந்தது குழலின் உட்புறம் வழவழவென்று இருக்கும் 12 கேஜ் ஷாட்கன். விலை கூடினால்தான் நல்ல தோட்டா என்று நினைத்து, சேபோ ஸ்லக் (பிளாஸ்டிக் உறைக்குள் உட்காரும் ஒற்றைக் குண்டு) ஒரு பெட்டி வாங்கினேன். உள்ளே ஐந்தே ஐந்து. விலையைச் சொன்னால் வீட்டில் சண்டை.

50 கஜத்தில் அட்டை வைத்துச் சுட்டேன். ஐந்தில் இரண்டு குண்டு அட்டையிலேயே படவில்லை. பட்ட மூன்றும் ஆளுக்கொரு மூலை. அதில் ஒன்று வட்டமாக இல்லாமல், சாவித் துவாரம் போல நீளமாகக் கிழித்திருந்தது. அப்போதுதான் உறைத்தது: குண்டு புரண்டுகொண்டே போயிருக்கிறது. சேபோ குண்டு நேராகப் போகச் சுழல வேண்டும். சுழல, குழலுக்குள் சுருள் பள்ளம் வேண்டும். என் குழலில் அது ஏது?

அப்புறம் மலிவான ஃபாஸ்டர் ஸ்லக்குக்கு மாறினேன். 1 அவுன்ஸ் ஈயம். தலை கனம், பின்பக்கம் குடைந்த கிண்ணம். இறகுப்பந்து மாதிரி தலையை முன்னால் வைத்தே பறக்கும். பக்கவாட்டு வரிகள் சுழற்றத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். குழல் முனையைக் குறுக்கும் சோக்கில் நசுங்கி நழுவத்தான் அவை அதிகம் உதவுகின்றன. நானும் அதிகம் குறுக்கும் ஃபுல் சோக்கைக் கழற்றிவிட்டு, கொஞ்சமே குறுக்கும் இம்ப்ரூவ்டு சிலிண்டர் மாட்டினேன்.

மூன்று வகை வாங்கி, வகைக்கு மூன்று சுட்டேன். 2¾ அங்குல நீளத் தோட்டாவில் ஒரு வகை மட்டும் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தது. வேகம் கூடிய 3 அங்குல மேக்னம் தோட்டா என் தோளைத்தான் பதம் பார்த்தது.

குறிபார்க்கக் குழல் முனையில் மணி போன்ற ஒரு சிறு குமிழ்தான் என்பதால், 75 கஜத்துக்கு மேல் நான் சுடுவதில்லை. சரி, அந்த வகையிலேயே நாலு பெட்டி வாங்கி வைத்துவிட்டேன்.