ஏலத்தில் எடுத்த கலர் வாட்ச் ஓடியது இப்படித்தான்

சிவப்பு, மஞ்சள், நீலம் என்று கண்ணைப் பறிக்கும் பழைய ஸ்வாட்ச் (சுவிஸ் பிராண்டு) கைக்கடிகாரம் ஒன்றை ஆன்லைன் ஏலத்தில் எடுத்தேன். "ஓடுமா என்று பார்க்கவில்லை" என்று விற்றவர் போட்டிருந்தார். அப்படிப் போட்டாலே ஓடாது என்று வைத்துக்கொண்டுதான் விலை கேட்க வேண்டும். நானும் அதற்கேற்பவே கேட்டேன்.

1983-ல் வந்த காலத்திலிருந்தே இந்த பிளாஸ்டிக் மாடல்களின் பின்பக்கம் ஒரே வார்ப்பு. கழற்றவே முடியாது, பேட்டரி மூடி மட்டும்தான் வழி. நாணயத்தை அதன் பள்ளத்தில் வைத்து லேசாகத் திருப்பினேன். உள்ளே பழைய பேட்டரி கசிந்து, பேட்டரியைத் தொடும் உலோக முனையில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. கசிவது காரம் (அல்கலி), அதனால் அமிலமான வினிகர் அதைக் கரைக்கும். காது குடையும் பஞ்சுக்குச்சியை அதில் தொட்டு, நன்றாகப் பிழிந்துவிட்டு, மெதுவாகத் துடைத்தேன். ஒரு சொட்டுகூட உள்ளே இறங்கக் கூடாது. பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஒருமுறை துடைத்து உலரவிட்டு, பழையதில் இருந்த அதே எண்ணுள்ள 1.55 வோல்ட் பேட்டரியைப் போட்டேன். விநாடி முள் ஒரு தரம் துடித்து நின்றது. மூடியை இறுக்கியதும் ஓடத் தொடங்கியது.

கண்ணாடிக் கீறலுக்கு அக்ரிலிக் பாலிஷ் போதும். ஸ்ட்ராப்புதான் தொல்லை: பல் பல்லாகக் கோக்கும் அமைப்பு, சாதாரண ஸ்ட்ராப் சேராது. இந்தப் பழைய மாடல்களில் ஆண்கள் அளவுக்கு 17 மி.மீ., பெண்கள் அளவுக்கு 12 மி.மீ. என்று பார்த்து வாங்குங்கள்.