ஈராசிரியர் பள்ளியில் தனியாக நிற்கும் நாள்

கன்னியாகுமரி மாவட்டத்தின் பேச்சிப்பாறை, கோதையாறு பக்கத்து மலையோரத் தொடக்கப் பள்ளிகளுக்குப் புதிதாக வரும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் என்று வகுத்திருக்கிறது, வகுப்புகளோ ஐந்து. அந்த இருவரில் ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போய்விட்டால் ஐந்து வகுப்பும் ஒருவர் கைக்கு வந்துவிடும். அப்படிப்பட்ட நாளில் பாடம் நின்றுவிடாமல் காப்பது எப்படி என்பதுதான் இங்கே பேச்சு.

காலையின் முதல் ஒரு மணி நேரத்தை எதற்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். வருகையைச் செயலியில் ஏற்றுவதற்காகச் சிக்னலைத் தேடி வராந்தாவுக்கும் மைதானத்துக்கும் நடந்தே என் முதல் ஆண்டின் பல காலைகள் வீணாயின. இப்போது தாள் பதிவேட்டில் குறித்துக்கொண்டு, பிள்ளைகளைப் படிக்க உட்காரவைத்த பிறகுதான் கைபேசியை எடுக்கிறேன். தாமதமாக வரும் பிள்ளையைக் கடிந்துகொள்ளவும் வேண்டாம். ரப்பர் பால்வெட்டுக்குப் பெற்றோர் விடியும் முன்பே போய்விடும் வீடுகளில், தம்பி தங்கையைக் குளிப்பாட்டிக் கிளப்பிக் கூட்டி வருவது மூன்றாம் வகுப்பு படிக்கும் அந்தப் பிள்ளைதான்.

ஐந்து வகுப்பையும் ஐந்தாகவே வைத்துக்கொண்டு ஒருவரால் நடத்த முடியாது. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளைக் கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறது; அந்தப் பிரிவு இங்கே கைகொடுக்கும். கரும்பலகையில் இரண்டு கோடு இழுத்து மூன்றாகப் பிரியுங்கள். தாமாக வேலை செய்யக்கூடிய மலர் குழுவுக்கு முதலில் வேலையைக் கொடுத்து, மொட்டுக் குழுவை இருவர் இருவராகப் படிக்கச் சொல்லிவிட்டு, எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் அரும்புப் பிள்ளைகளோடு தரையில் போய் உட்காருங்கள். உங்கள் நேரம் அதிகம் தேவைப்படுவது அவர்களுக்குத்தான்.

கணக்குக்கு உபகரணம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. நம் ஊரில் சிரட்டைக்கும் (கொட்டாங்குச்சி) புளியங்கொட்டைக்கும் பஞ்சமில்லை. பத்துப் புளியங்கொட்டை சேர்ந்தால் ஒரு சிரட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். 43இலிருந்து 18ஐக் கழிக்க வேண்டும். தரையில் நான்கு சிரட்டையும் மூன்று கொட்டையும் இருக்கின்றன. மூன்றிலிருந்து எட்டை எப்படி எடுப்பது என்று பிள்ளை விழிக்கும்போது, ஒரு சிரட்டையைக் கவிழ்த்துக் கொட்டச் சொல்லுங்கள். கொட்டைகள் பதின்மூன்று ஆகும், அதில் எட்டை எடுத்தால் ஐந்து நிற்கும், மீதமுள்ள மூன்று சிரட்டையில் ஒன்றை எடுத்தால் இரண்டு நிற்கும், ஆக 25. கடன் வாங்குதல் என்று மாதக் கணக்கில் பலகையில் எழுதிக் காட்டியும் பிடிபடாதது, அந்தச் சிரட்டை கவிழும் சத்தத்தில் பிடிபட்டதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஒரு எச்சரிக்கை: பள்ளியைச் சுற்றிக் கொட்டிக் கிடக்கிறதே என்று ரப்பர் கொட்டையைச் சின்னப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள், பச்சையாகத் தின்றால் அது நஞ்சு.

அடுத்தது மழை. இம்மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டும் மழை தருவதால், ஜூனில் பள்ளி திறந்ததும் ஒரு முறை, அக்டோபரில் மறுபடியும் என்று தகரக் கூரை அதிரத் தொடங்கிவிடும். அந்த இரைச்சலோடு போட்டியிட்டுக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டதுதான் எனக்கு மிச்சம். மழை வலுத்ததும் பேச்சை நிறுத்திவிட்டுப் பலகைக்குப் போங்கள். “மூன்று முறை கைதட்டு”, “பையிலிருந்து நீல நிறப் பொருளை எடு” என்று ஒவ்வொரு கட்டளையாக எழுதுங்கள், வாசித்தவர்கள் செய்யட்டும். யாருக்கு வாசிக்க வருகிறது, யார் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துச் செய்கிறார்கள் என்பது அப்போது துலக்கமாகத் தெரிந்துவிடும்.

பாடநூலில் மரவள்ளிக்கிழங்கு, முந்திரி, பலாப்பழம் என்று இருக்கும்; பிள்ளைக்குத் தெரிந்தவை மரச்சீனி, கொல்லாம்பழம், சக்கை. இரண்டையும் அருகருகே எழுதுங்கள். வீட்டுச் சொல்லைத் தவறென்று அடித்துவிட்டால் அந்தப் பிள்ளை வாயைத் திறக்கவே தயங்கும்.

சுண்ணக்கட்டி, துடைப்பம், பூட்டு போன்ற செலவுகளுக்குக் கையிலிருந்து கொடுத்துப் பழகாதீர்கள். பள்ளி மானியம் சிறியதுதான், ஆனாலும் தேவையை எழுதிப் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானமாக்கி வாங்குவதே முறை. அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் என்பதால், கூட்டத்தைப் பால்வெட்டு முடிந்த பிற்பகலில் வைத்தால்தான் அவர்களால் வர முடியும். பலகை வெளுத்துப்போயிருந்தால் கோவை இலையையும் சிரட்டைக் கரியையும் அரைத்துப் பூசுங்கள். எழுத்து பளிச்சென்று தெரியும்.

மாலையில் பூட்டுவதற்கு முன், மறுநாள் மலர் குழு செய்ய வேண்டியதைப் பலகையின் வலது ஓரத்தில் எழுதிவைத்துவிடுங்கள். பேருந்து தாமதித்து நீங்கள் மூச்சு வாங்க வந்து சேரும்போது, அவர்கள் அதில் பாதியை முடித்திருப்பார்கள்.