சிவனொளிபாதமலை இறங்கத் தொடையைப் பழக்கும் முறை

மலை ஏறும்போது மூச்சு வாங்கும். ஆனால் மூன்று நாளைக்குப் படுத்துவது இறக்கம்தான். நல்லதண்ணிப் பக்கமாகப் போனால் 5,000க்கும் மேற்பட்ட படிகள், உயரத்தில் ஏறத்தாழ 1,000 மீற்றர். டிசம்பர் போயாவில் தொடங்கி வெசாக்கில் முடியும் பருவகாலத்தில் போகிறவர்கள் பலர் ஏறுவதற்கு மட்டும் தயாராகிறார்கள். பழக வேண்டியது இறங்குவதற்கு. ஏன் என்பது தசையின் அமைப்பைப் பார்த்தால் புரியும்.

கதிரையில் உட்கார்ந்து, தொடையின் முன்பக்கம் உள்ளங்கையை வைத்துக் காலை நேரே நீட்டுங்கள். கைக்குக் கீழே இறுகுவது நான்கு தசைகளின் கூட்டம். நான்கும் ஒரே தசைநாணாகி, முழங்கால் சில்லைப் பிடித்து, கணைக்கால் எலும்பின் மேற்பகுதியில் பொருந்துகின்றன. இனிக் காலை மூன்று விநாடி எடுத்து மெதுவாக இறக்குங்கள். தசை இறுக்கத்தை விடாமலே நீளும். ஒவ்வொரு படி இறங்கும்போதும் இதேதான் நடக்கிறது, அதுவும் உடம்பின் முழுப் பாரத்தோடு.

தசைக்குள் இழைக்கற்றைகள், கற்றைக்குள் தசை இழைகள். ஓர் இழை என்பது பல கருக்கள் கொண்ட ஒரே கலம்; தடிப்பு 10 முதல் 100 மைக்ரோமீற்றர்தான், நீளம் பல சென்ரிமீற்றர் வரை போகும். அதற்குள் இருக்கும் நுண்ணிழைகளில், 2 மைக்ரோமீற்றருக்குச் சற்றுக் கூடிய நீளமுள்ள சாக்கோமியர் என்ற அலகுகள் வரிசையாக நிற்கின்றன. வேலை நடக்கும் இடம் இதுதான். தடித்த மயோசின் இழைகளுக்கு இடையில் மெல்லிய அக்டின் இழைகள் நுழைந்திருக்கும். நரம்பு தூண்டியதும் கலத்துக்குள் கல்சியம் வெளியாகி, அக்டினில் மூடியிருந்த இடங்களைத் திறக்கிறது. மயோசின் தலைகள் அங்கே பிடித்து இழுத்து, விட்டு, மறுபடி பிடிக்கின்றன. தசை குறுகினாலும் இந்த இரண்டு இழைகளும் குறுகுவதில்லை, ஒன்றையொன்று வழுக்கிக் கடக்கின்றன. 1954இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இதைத் தனித்தனியே வெளியிட்டன. இழுப்பதற்கு மட்டுமல்ல, பிடியை விடுவதற்கும் கலத்துக்குச் சக்தி தரும் ஏ.ரி.பி என்ற பொருள் வேண்டும், இறந்த உடல் விறைப்பது அது தீர்ந்துபோவதால்.

இறக்கத்தில், தலைகள் பிடித்திருக்கும்போதே பாரம் அவற்றை எதிர்ப்பக்கம் இழுக்கிறது. இப்படி நீளும் தசை குறைந்த சக்தியில் கூடிய விசை தரும், அதனால் களைப்புத் தெரியாது. குறைந்த எண்ணிக்கையிலான தசை இழைகளே வேலைக்கு வருவதால், ஒவ்வோர் இழையும் தாங்கும் இழுவை கூடுகிறது. பலம் குறைந்த சாக்கோமியர்கள் அளவுக்கு மீறி நீண்டு குலைகின்றன, பின்னர் அழற்சி. வலி 12 முதல் 24 மணித்தியாலத்தில் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். கடும் வேலையில் தசையில் உண்டாகும் லக்ரிக் அமிலம் தேங்கியதால் வலி என்ற பேச்சை நம்பாதீர்கள். அது ஓரிரு மணித்தியாலத்தில் அகன்றுவிடும்.

ஒருமுறை இப்படி அடிபட்டு ஆறிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையில் அவ்வளவாக அடிபடாது. தினம் சரிவில் கொழுந்துச் சாக்கோடு இறங்குகிறவருக்கு வராத தொடைவலி, கொழும்பில் கடையில் நின்றுவிட்டு விடுமுறைக்கு வரும் மகனுக்கு வருவது இதனால்தான்.

ஆகவே மூன்று வாரம் முன்பே தொடங்குங்கள். 15 முதல் 20 சென்ரிமீற்றர் உயரமான படி போதும், லயத்து வாசற்படியே சரி. ஒரு காலைப் படியில் ஊன்றி, மற்றக் காலின் குதியை முன்பக்கம் மூன்று விநாடியில் இறக்கி நிலத்தைத் தொடுங்கள். பாரத்தை அதன்மேல் போட வேண்டாம். ஊன்றிய முழங்கால் இரண்டாவது விரலின் நேருக்கு இருக்க வேண்டும். உள்ளே சாய்ந்தால் படியின் உயரத்தைக் குறையுங்கள். முதல் நாள் ஒரு காலுக்கு 8 தடவைப்படி இரண்டு சுற்று. இரண்டு நாள் ஓய்வு. பிறகு 10, 12 என்று கூட்டி மூன்று சுற்று. முதல் நாளே நூறு தோப்புக்கரணம் போடுகிறவர் நான்கு நாள் நடக்க முடியாமல் பயிற்சியையே கைவிடுவார். மலைக்குப் போக ஐந்து நாள் இருக்கும்போது நிறுத்திவிடுங்கள்.

உச்சியில் சூரிய உதயத்துக்காகக் குளிரில் உட்கார்ந்திருந்தால் தசை மந்தமாகிவிடும். எழுந்ததும் இறங்க வேண்டாம். 20 தடவை குதி உயர்த்தி, 10 தடவை அரைவாசி உட்கார்ந்து எழும்புங்கள். குதிக்காமல், சிறிய அடி வைத்து, கைப்பிடியையோ தடியையோ பிடித்து இறங்குங்கள். கெண்டைக்காலில் பிடிப்பு வந்தால் முழங்காலை நீட்டி, பாதவிரல்களை உங்கள் பக்கம் இழுத்துப் பிடியுங்கள்.

இறங்கிய பின் தசையை இழுத்துவிடுவதால் மறுநாள் வலி பெரிதாகக் குறையாது. மெதுவான நடை உதவும். ரொட்டியும் சம்பலும் மட்டும் போதாது: பருப்பு, முட்டை, நெத்தலி, கடலை ஏதாவது சேருங்கள். 100 கிராம் காய்ந்த பருப்பில் 24 கிராம் அளவு புரதம் உண்டு, ஒரு முட்டையில் 6 கிராம்.

சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போனால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தைப் பழுதாக்கலாம். வலியோடு காய்ச்சலும் இருந்தால் படியைக் குறை சொல்லிக்கொண்டு இருக்க வேண்டாம். டெங்குவும் எலிக்காய்ச்சலும் தசைவலி தரும்; எலிக்காய்ச்சலில் கெண்டைக்கால் தொட்டாலே வலிக்கும். டாக்டர் பார்க்கும்வரை அஸ்பிரின், ஐபுபுரூஃபன் எடுக்காதீர்கள்.