பங்குனியில் கூந்தன்குளம்: முதன்முதலாகப் பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு

பறவை பார்ப்பது என்றாலே மார்கழி, தைதான் பலருக்கு நினைவுக்கு வரும். கூட்டங்கூட்டமாகப் பார்க்க அது சரியான காலம்தான். ஆனால் பறவையைப் பார்த்துப் பழக, பங்குனியே தோது. கூட்டில் குஞ்சு இருக்கும், தாயும் தந்தையும் இரையோடு வந்து போகும். ஒரே மரத்தடியில் ஒரு மணி நேரம் நின்றாலும் பொழுது போய்விடும்.

இடம், நெல்லையிலிருந்து 40 கி.மீ.க்குள் இருக்கும் கூந்தன்குளம். 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. குளத்துக்கு மணிமுத்தாற்றுக் கால்வாய்த் தண்ணீர் வர வேண்டும். வராத ஆண்டில் கூடுகளின் எண்ணிக்கை குறையும், கட்டிய கூட்டையே விட்டுப் பறவைகள் போவதும் உண்டு. அதனால் வண்டி ஏறுமுன் தண்ணீர் நிலவரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: பைனாகுலரைக் கண்ணுக்குப் பொருத்துங்கள்

8×42 (8 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ. விட்டம்) போதும். 10 மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் சேர்ந்தே பெரிதாகும். கண்ணாடி போடுபவர்கள் கண்பக்க ரப்பர் வளையத்தை உள்ளே தள்ளிவிடுங்கள், மற்றவர்கள் வெளியே இழுத்துவிடுங்கள். வலக்கண்ணை மூடி, தூரத்துக் கிளை ஒன்றை இடக்கண்ணால் பார்த்து நடுச்சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, அதே கிளையை வலக்கண்ணால் பார்த்து, வலப்பக்கக் குழலில் உள்ள வளையத்தை மட்டும் திருப்புங்கள். அதன்பின் நடுச்சக்கரம் மட்டுமே வேலை. இதைச் செய்யாமல் போனால் அரை மணியில் தலை வலிக்கும்.

பறவையைக் கண்ணால் பிடித்து, பார்வையை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். பைனாகுலருக்குள் பறவையைத் தேடினால் வானம்தான் கிடைக்கும்.

படி 2: குளத்துக்கு முன் ஊர்

காலை 6 மணிக்கே இருங்கள். நேராகக் கரைக்கு ஓட வேண்டாம். இங்கே பறவைகள் ஊருக்குள், வீட்டு வேம்பிலும் புளியிலுமே கூடு கட்டுகின்றன. அவை தொந்தரவுபடக் கூடாதென்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர் இது. எனவே முற்றத்தில் கால் வைக்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள், பைனாகுலரை யார் வீட்டு வாசல் பக்கமும் திருப்பாதீர்கள்.

மஞ்சள் மூக்கு நாரைக் கூடு ஒன்றைத் தேர்ந்து 30 நிமிடம் நில்லுங்கள். பெரிய பறவைக்குக் குரல் அநேகமாக இல்லை, அலகைத் தட்டும் சத்தம்தான். இரைச்சல் முழுக்கக் குஞ்சுகளுடையது. இரையை வாயில் ஊட்டாது, கூட்டின் நடுவில் மீனைக் கக்கும். குஞ்சுகள் முட்டி மோதிப் பொறுக்கும். வெயில் ஏறியதும் சிறகை விரித்துக் குஞ்சுக்குக் குடை பிடிக்கும். இளஞ்சிவப்புக் காலில் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளை தெரிந்தால் நோய் என்று பயப்பட வேண்டாம்: தன் எச்சத்தையே காலில் விட்டுக்கொள்கிறது, அது உலரும்போது உடல் சூடு தணியும். அப்படியே கூழைக்கடா கூட்டையும் பாருங்கள். குஞ்சின் தலை மொத்தமும் தாயின் தொண்டைப் பைக்குள் போய்விடும்!

தரையில் விழுந்த குஞ்சைக் கண்டால் தூக்கவோ தண்ணீர் புகட்டவோ வேண்டாம். வனத்துறைப் பணியாளரிடம் சொல்லுங்கள்.

படி 3: கரையில், வெயில் முதுகில்

காலையில் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்புதான், அதனால்தான் புதியவர்கள் நீர்க்காகத்தையும் பாம்புத்தாராவையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

நிறத்தைவிட, இரை தேடும் விதத்தைக் கவனியுங்கள். அலகை இடம் வலமாக அரிவாள் வீசுவதுபோல ஆட்டினால் கரண்டிவாயன். சேற்றில் குத்திக் குத்தித் துழாவினால் அரிவாள் மூக்கன். திறந்த அலகைத் தண்ணீரில் வைத்துக் காலால் கிளறினால் மஞ்சள் மூக்கு நாரை. நத்தை குத்தி நாரைக்கு மூடிய அலகின் நடுவே இடைவெளி உண்டு. இளம்பறவைக்கு அது இருக்காது.

உண்ணிக்கொக்கின் தலையும் கழுத்தும் ஆரஞ்சாக மாறத் தொடங்கும் பருவமும் இதுதான். வேறு இனம் என்று குறித்துவிடாதீர்கள்.

வரித்தலை வாத்துக்காக மட்டும் வருகிறவர்கள் பங்குனிப் பிற்பகுதியில் ஏமாறலாம். பின்தலையில் இரு கறுப்பு வரிகளோடு இருக்கும் அந்த வாத்துகள், திபெத், மங்கோலியா நோக்கி இமயத்தைத் தாண்டக் கிளம்பும் நேரம் அது.

தண்ணீரோரச் செடிகளில் கண்டங்கண்டை நீர்க்கோலி என்ற தண்ணீர்ப் பாம்பு கிடக்கலாம். விஷமில்லை, ஆனால் நன்றாகவே கடிக்கும்.

படி 4: எண்ணுவது

10 பறவையை ஒன்றொன்றாக எண்ணி, அந்தக் கொத்து கண்ணுக்கு எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பதித்துக்கொள்ளுங்கள். அதே அளவுக் கொத்து எத்தனை என்று கூட்டம் முழுவதையும் அளந்து 10-ஆல் பெருக்குங்கள். நேரத்தையும் நின்ற இடத்தையும் சேர்த்து எழுதாத எண்ணிக்கையை இன்னொரு நாளோடு ஒப்பிட முடியாது.

9:30 வாக்கில் தண்ணீர்மேல் கானல் ஆடத் தொடங்கும். எவ்வளவு விலை பைனாகுலரானாலும் தூரத்துப் பறவை கலங்கித்தான் தெரியும். அப்போது அண்ணாந்து பாருங்கள். சூடான காற்றில் சிறகடிக்காமல் வட்டமிட்டு ஏறுகிறவற்றில், கழுத்தை முன்னால் நீட்டியிருப்பது நாரை, பெரிய அலகோடு கழுத்தைப் பின்னுக்கு இழுத்திருப்பது கூழைக்கடா.